பழைய லேப்டாப்பில் கேம் திணறுகிறதா? ஃபார்மட் செய்யும் முன் பத்து நிமிடம் பொறுங்கள்!

போன வருடம் வரை சரளமாக ஓடிய கேம் இப்போது திணறுகிறது. காரைத் திருப்பினால் அரை விநாடி கழித்துத்தான் திரும்புகிறது. எதிரி சுட்டு முடித்த பிறகுதான் அவன் வந்ததே திரையில் தெரிகிறது. வீட்டில் ஐந்தாறு வருடப் பழைய லேப்டாப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. இதற்கு நம் ஊரில் மூன்று தீர்வுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, விண்டோஸை ஃபார்மட் செய்வது. இரண்டு, 'கேம் பூஸ்டர்' என்ற பெயரில் கிடைக்கும் ஏதாவது ஒரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வது. மூன்று, "இது பழைய மாடல் சார், புதுசு வாங்கிடுங்க" என்ற பேச்சைக் கேட்டுப் புது லேப்டாப்புக்கு மாதத் தவணை கட்டுவது.

இந்த மூன்றில் எதையும் முதலில் செய்யக் கூடாது என்பது என் கருத்து. முதலில் செய்ய வேண்டியது, கேமை ஓடவிட்டுப் பத்து நிமிடம் கவனிப்பதுதான். இதற்குக் காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ, இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எங்கள் வேலையில் ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே அதில் கை வைக்க மாட்டோம். எந்த இடத்தில் நேரம் போகிறது என்று முதலில் அளந்து பார்ப்போம். அளக்காமல் மாற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும். லேப்டாப்புக்கும் இதே முறைதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மெதுவானது லேப்டாப்பா, அல்லது கனமானது கேமா? கவுன்டர் ஸ்ட்ரைக் விளையாடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 2023 செப்டம்பரில் பழைய கவுன்டர் ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் விளையாட்டின் இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தது. அது புதிய சோர்ஸ் 2 இன்ஜினில் எழுதப்பட்டது. முந்தின நாள் வரை நன்றாக ஓடிய லேப்டாப்பில், மறுநாள் அப்டேட் இறங்கியதும் கேம் இழுத்துக்கொண்டு ஓடியது. லேப்டாப் மீது ஒரு குற்றமும் இல்லை. எனவே உங்களிடம் அப்டேட்டே வராத ஒரு பழைய கேம் இருந்தால் அதை ஓட்டிப் பாருங்கள். முன்பு எப்படி ஓடியதோ அப்படியே இன்றும் ஓடினால் லேப்டாப் நலமாக இருக்கிறது. அதுவும் திணறினால் மேலே படியுங்கள்.

பத்து நிமிடக் கவனிப்பு எப்படி? லேப்டாப்பை ஆஃப் செய்து ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு சார்ஜரை இணைத்து ஆன் செய்யுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்று சி.பி.யு. என்பதைக் கிளிக் செய்யுங்கள். அங்கே ஸ்பீட் என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். பேஸ் ஸ்பீட் என்று மாறாத ஓர் எண்ணும் இருக்கும். டாஸ்க் மேனேஜர் எப்போதும் மேலே தெரியும்படி ஆல்வேஸ் ஆன் டாப் வசதியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேமை முழுத்திரையில் இல்லாமல் விண்டோவாக ஓட்டுங்கள். முதல் நிமிடத்தில், ஐந்தாவது நிமிடத்தில், பத்தாவது நிமிடத்தில் அந்த ஸ்பீட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுத் தாள் போதும்.

இப்போது அந்தத் தாள் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஆரம்பத்தில் நன்றாக ஓடி, சில நிமிடம் கழித்துத் திணற ஆரம்பித்து, ஸ்பீட் எண்ணும் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே இறங்கியிருந்தால், காரணம் பெரும்பாலும் சூடு. ஆன் செய்ததிலிருந்தே அந்த எண் ஒரு ஜிகாஹெர்ட்ஸைக்கூடத் தாண்டாமல் படுத்துக் கிடந்தால் சார்ஜரையும் பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். எண் கடைசி வரை நன்றாகவே நின்று, கேம் மட்டும் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி மெதுவாக ஓடினால் கிராஃபிக்ஸ் அல்லது ரேம் பக்கம் போக வேண்டும்.

என் அனுபவத்தில் பழைய லேப்டாப்களில் முதலில் சொன்னதுதான் அதிகம். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2017-ல் வந்த கோர் ஐ5-8250யு புராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றும் நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. இதன் அட்டைப் பெட்டியில் 3.4 ஜிகாஹெர்ட்ஸ் 'வரை' என்று இருக்கும். ஆடித் தள்ளுபடியில் 50 சதவீதம் 'வரை' என்று போடுகிறார்களே, அதே 'வரை'தான் இதுவும். இதன் பேஸ் ஸ்பீட் 1.6 ஜிகாஹெர்ட்ஸ். 15 வாட் மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்ட சிப் இது. கேம் ஆரம்பித்த சில விநாடிகளுக்கு அதைவிடக் கூடுதலான மின்சாரம் எடுத்து வேகமாக ஓடும். பிறகு தன் அளவுக்கு இறங்கிவிடும். இந்த முதல் இறக்கம் இயல்பானது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது 1.6-க்கும் கீழே போகும்போது.

ஏன் போகிறது? சிப்பின் சூடு ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதை தெர்மல் த்ராட்டிலிங் என்பார்கள். வேகம் குறைந்ததும் சூடு இறங்கும். சூடு இறங்கியதும் மறுபடி வேகம் ஏறும். மறுபடி சூடு. இந்த ஏற்ற இறக்கம்தான் திரையில் விட்டுவிட்டு ஓடும் கேமாக உங்களுக்குத் தெரிகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் லேப்டாப்களில் சி.பி.யு.வுக்கும் கார்டுக்கும் சேர்த்து ஒரே செம்புக் குழாயில் சூட்டை வெளியேற்றுவது வழக்கம். ஒன்று கொதித்தால் மற்றொன்றும் சேர்ந்து படுத்துக்கொள்ளும்.

இது பழைய லேப்டாப்புக்கு மட்டும் வரும் நோய் இல்லை. 2018 ஜூலையில் கோர் ஐ9 புராசசருடன் ஆப்பிளின் புதிய மேக்புக் புரோ வந்தது. அது சூட்டில் வேகம் இழக்கிறது என்று டேவ் லீ என்ற யூடியூப் விமர்சகர் காட்டினார். அதே லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து வீடியோ வேலை கொடுத்தபோது வேலை சீக்கிரம் முடிந்தது! சூட்டைக் கையாளும் ஃபர்ம்வேரில் ஒரு குறை இருப்பதாக ஆப்பிள் அந்த மாதமே ஒப்புக்கொண்டு அப்டேட் கொடுத்தது. (நீங்கள் ஃப்ரீசரை முயற்சி செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.) புத்தம்புது லேப்டாப்புக்கே இந்த நிலை என்றால், ஆறு வருடமாகத் தூசி தின்ற லேப்டாப்பின் கதியை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபேன் உள்ளே இழுப்பது அறைக் காற்றைத்தான். 24 டிகிரி ஏ.சி. அறையில் 85 டிகிரி காட்டும் சிப், மே மாதத்தில் 36 டிகிரி அறைக்கு வந்தால் அந்த 12 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே மேலே கூடும். எல்லையைத் தொட்டுவிடும். டிசம்பரில் நன்றாக ஓடியது, சித்திரையில் ஓடவில்லை என்றால் வைரஸைத் தேட வேண்டாம். காலண்டரைப் பாருங்கள்.

சர்வீஸ் கடைகளில் ஃபார்மட் செய்தால் சரியாகிவிட்டது போலத் தோன்றுவதற்கும் இதுதான் காரணம். என் சித்தி மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் லேப்டாப்பில் கேம் திணறியது. கடைக்குக் கொண்டுபோனான். ஃபார்மட் செய்து, கடையின் ஏ.சி.யில் இரண்டு நிமிடம் கேமை ஓட்டிக் காட்டினார்கள். அருமையாக ஓடியது. வீட்டுக்கு வந்து மெத்தை மேல் வைத்து விளையாடியதும் பழைய கதை. மறுபடி கடை, மறுபடி ஃபார்மட், மறுபடி அதே கட்டணம். இரண்டாவது தடவை டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். அதில்தான் எங்கள் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. வேறு பிரதி இல்லை. மூன்றாவது முறை "போர்டு வீக் ஆயிடுச்சு, புதுசு வாங்கிக்கோங்க" என்றார்கள். அப்போதுதான் "அண்ணா, நீங்க ஒரு தடவை பாருங்க" என்று என்னிடம் வந்தான்.

பின்பக்க மூடியைக் கழற்றியபோது ஃபேனுக்கும் அதன் முன்னால் இருக்கும் மெல்லிய செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துணி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் சுற்றுகிறது, சத்தமும் வருகிறது, காற்று மட்டும் வெளியே போகவில்லை. சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். ஒரு பச்சைப் பயறு அளவு போதும். மேலும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று அப்பக் கூடாது. கேம் அதன் பிறகு ஒரு மணி நேரம் ஓடியும் ஸ்பீட் எண் பேஸ் ஸ்பீடுக்குக் கீழே இறங்கவில்லை. போட்டோக்கள் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

என் கோபம் இதில்தான். சாஃப்ட்வேரில் இல்லாத நோய்க்குச் சாஃப்ட்வேரில் வைத்தியம் செய்வதோடு நிற்காமல், வாடிக்கையாளரின் தகவல்களையும் சேர்த்து அழிக்கிறார்கள். ஃபார்மட்டுக்கு முன் பத்து நிமிடம் கேமை ஓட்டி, சூடு எத்தனை டிகிரி என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது கடைக்காரருக்கு ஒரு பெரிய வேலையா? டாக்டர் ஜுரம் பார்க்காமல் ஊசி போட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? அடுத்த முறை கடைக்குப் போகும்போது "எத்தனை டிகிரி காட்டுது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் லேப்டாப்பைக் கொடுங்கள்.

நீங்களே சுத்தம் செய்வதாக இருந்தால் சில எச்சரிக்கைகள். கேமராக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் ப்ளோயர் போதுமானது. காற்று அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடைக் காற்று அடிப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். அந்த டாங்கில் தண்ணீர் தேங்கியிருக்கும், அழுத்தமும் மிக அதிகம். மூடியைத் திறந்தவுடன் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வாரன்டி பாக்கி இருந்தால் திறக்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

திறக்கத் தைரியம் இல்லையா? திறக்காமலும் கொஞ்சம் செய்யலாம். மெத்தை, தலையணை, மடி மூன்றையும் விட்டுவிட்டு மேஜைக்கு வாருங்கள். லேப்டாப்பின் பின் ஓரங்களுக்கு அடியில், காற்றுத் துவாரத்தை மறைக்காமல் இரண்டு புத்தகங்களைக் கொடுத்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். இன்ஜினீயரிங் முடித்தவர்கள் வீட்டில் இதற்குத் தேவையான தடிமனில் புத்தகங்களுக்குப் பஞ்சம் இருக்காது.

இன்னொரு வழியைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். வேகத்தைக் குறைத்தால் கேம் நன்றாக ஓடும்! கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸைத் திறந்து, புராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதன் கீழே மேக்சிமம் புராசசர் ஸ்டேட் 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். இன்டெல் புராசசர்களில் இது டர்போ வேகத்தையே நிறுத்திவிடும். சிப் பேஸ் ஸ்பீடுக்கு மேல் போகாது, சூடு சட்டென்று இறங்கும். 2.5 ஜிகாஹெர்ட்ஸ் பேஸ் ஸ்பீட் உள்ள ஐ5-7300எச்க்யூ போன்ற 45 வாட் புராசசர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும். 1.6 ஜிகாஹெர்ட்ஸ் 15 வாட் வகைகளுக்கு அந்த அளவு பொருந்தாது. அவற்றில் கேமின் செட்டிங்ஸில் ஃப்ரேம் லிமிட் இருந்தால் 30 அல்லது 40 என்று வையுங்கள். 60-க்கும் 20-க்கும் நடுவில் ஊஞ்சலாடுவதைவிட ஒரே சீராக ஓடும் 30 கண்ணுக்கு இதமாக இருக்கும். சில லேப்டாப்களில் இந்த 99 வசதி மறைக்கப்பட்டிருக்கும்.

சரி, சூடு இல்லை, ஸ்பீட் எண்ணும் இறங்கவில்லை என்றால்? கேமின் ரெசொலூஷனை 1920 x 1080-லிருந்து 1280 x 720-க்கு மாற்றிப் பாருங்கள். முன்னதில் 20,73,600 புள்ளிகள், பின்னதில் 9,21,600. கிராஃபிக்ஸ் பக்கத்து வேலை பாதிக்கும் கீழே போகிறது. இப்படிக் குறைத்தும் கேமின் வேகம் துளிகூடக் கூடவில்லை என்றால் கிராஃபிக்ஸ் மீது பழி போடாதீர்கள், சி.பி.யு.தான் தடை. நன்றாகக் கூடினால் கிராஃபிக்ஸ்தான் தடை. அப்போது ஷேடோ, ஆன்டி அலையாசிங் இரண்டையும் முதலில் குறையுங்கள்.

கிராஃபிக்ஸ்தான் தடை என்று தெரிந்தவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். தனி கார்டு இருந்தும் கேம் இன்டெல் கிராஃபிக்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் கிராஃபிக்ஸ் என்று இருக்கும். அங்கே உங்கள் கேமைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று கொடுங்கள்.

தனி கார்டு இல்லாதவர்கள் ரேமைப் பாருங்கள். இன்டெல் கிராஃபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. ரேமைத்தான் கடன் வாங்கும். டி.டி.ஆர்.4 2400 வகை ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிகாபைட் போக்குவரத்து. இரண்டாவது ஸ்லாட்டில் அதே மாதிரி இன்னொன்று போட்டால் 38.4 ஜிகாபைட். ஒரு வழிச் சாலை இரு வழிச் சாலை ஆவது போல. பழைய லேப்டாப்பில் கேமுக்காகக் காசு செலவழிக்க வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது இந்த இரண்டாவது ரேம்தான். ஆனால் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்பதே வாங்கும்போது பெட்டியில் போடுவதில்லை! கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த கம்பெனிகளுக்கு இந்த ஒரு வரியை அச்சடிக்க மனம் வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்று எத்தனையில் எத்தனை என்று காட்டும். எண் சரியாக இருந்தாலும் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் வேகமாகுமா என்று கேட்பார்கள். லோடிங் வேகமாகும். விளையாட்டின் நடுவில் புது இடத்துக்குப் போகும்போது வரும் தடங்கல் குறையும். ஃப்ரேம் எண்ணிக்கை கூடாது. அந்த ஆசையில் வாங்காதீர்கள்.

பூஸ்டர் சாஃப்ட்வேர்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின்னணியில் ஓடும் புரோகிராம்களை மூடுவதுதான் அவற்றின் முக்கிய வேலை. அதை நீங்களே செய்யலாம். பிரவுசரை மூடினாலே பாதி வேலை முடிந்தது. 'ரேம் கிளீனர்' என்பவை இன்னும் மோசம். தேவையான தகவலையும் ரேமிலிருந்து ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, காலியிடத்தைக் காட்டிப் பெருமைப்படும்.

"கேம்தானே, விளையாடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். வீட்டு லேப்டாப்பிடம் முழுப் பலத்தையும் கேட்கும் வேலை பெரும்பாலும் கேம் ஒன்றுதான். இன்று கேமில் தெரியும் கோளாறு, நாளை வீடியோ எடிட்டிங்கிலும் கல்லூரி புராஜெக்டிலும் வந்து நிற்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டதே என்று கேமுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டீம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. எட்டு வருட லேப்டாப்பில் இந்த வருடம் வந்த கேமை ஓட்ட நினைத்தால் எந்த பேஸ்டும் உதவாது. ஆனால் உங்களிடம் ஏற்கனவே ஓடிய கேம் மறுபடி ஓட வேண்டும் என்றால், அதற்குப் பெரும்பாலும் புது லேப்டாப் தேவைப்படாது.

மீதமிருப்பது சார்ஜரும் பேட்டரியும். சில லேப்டாப்கள் தங்கள் கம்பெனியின் சார்ஜரை அடையாளம் தெரிந்துகொள்ளாவிட்டால் வேகத்தை அடியோடு குறைத்துவிடும். சார்ஜர் வயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி அறுந்தாலே இது நடக்கும். சார்ஜ் ஏறாது, அல்லது மெதுவாக ஏறும். வாட் குறைவான டூப்ளிகேட் சார்ஜரிலும் இப்படித்தான். தெரிந்தவரிடம் அதே மாடலின் ஒரிஜினல் சார்ஜரை ஐந்து நிமிடம் இரவல் வாங்கி இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கேமுக்காகவே செய்யப்பட்ட சில லேப்டாப்கள், சார்ஜர் கொடுக்கும் மின்சாரம் போதாத நேரத்தில் பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பேட்டரி செத்துப்போனால் அந்த உதவி கிடைக்காமல் வேகம் குறையும்.

பேட்டரி விஷயத்தில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, கிளிக் செய்ய முடியாமல் இறுகியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் லேப்டாப் நொண்டி போல ஆடினாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது கேம், வேகம், ஃப்ரேம் எல்லாவற்றையும் மறந்துவிட்டு லேப்டாப்பை ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் புது பேட்டரி மாட்டிய பிறகு அந்தப் பத்து நிமிடச் சோதனையை ஆரம்பியுங்கள்.